ஜாகீர் முடிந்தது, தறி நிற்கவில்லை

சென்னை தியாகராய நகரில் முகூர்த்தச் சேலை எடுக்க வரும் குடும்பம் காஞ்சிபுரம் பட்டு வேண்டும் என்றுதான் கேட்கும். அவர்கள் முன் விரித்துப் போடப்படும் சேலைகளில் எல்லாமே காஞ்சிபுரத் தறியில் இறங்கியவை அல்ல. காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே அறுபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும், வீட்டுக்குள் குழி தோண்டிப் போட்ட தறிகளில் நெய்யப்பட்டு, முதலாளி வீட்டுத் தராசில் எடை போடப்பட்டு, அங்கிருந்து கடைக்கு வந்தவையும் அவற்றில் உண்டு. வாங்குகிறவருக்கு இது தெரிவதில்லை. பல நேரம் சேலையை விரித்துக் காட்டும் பையனுக்கும் தெரியாது.

ஆரணியின் பொருளியலைப் பேச வருகிறவர் இந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்த ஊர் ஒரு காலத்தில் தலைநகராக இருந்தது. சிறிய தலைநகர்தான், ஒரு ஜாகீரின், அதாவது மானியமாகக் கிடைத்த நிலப்பகுதியின், தலைமையிடம். ஆனாலும் கோட்டை, அகழி, அரண்மனை, குருபீடம், நெசவுத் தெரு என்று ஒரு தலைநகருக்குரிய உறுப்புகள் இங்கே இருந்தன. தன்னைச் சுற்றி விளைவதையும் செய்யப்படுவதையும் இழுத்துக்கொண்டு, அதன்மேல் தன் பெயரைக் குத்தி வெளியே அனுப்புவது தலைநகரின் வேலை. ஆரணிக்கு இன்று மிஞ்சியிருப்பது செய்யும் கை. பெயர் குத்தும் வேலையை வேறு ஊர்கள் எடுத்துக்கொண்டன. கைக்கும் பெயருக்கும் நடுவே விழுந்த இந்த இடைவெளியில்தான் ஊரின் வறுமையும் இருக்கிறது, அதன் வாய்ப்பும் இருக்கிறது.

ஆறும் நிலமும்

ஆரணி கமண்டல நாகநதியின் கரையில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறந்து வரும் கமண்டல நதியும் நாகநதியும் கூடி ஒன்றாக ஓடி, ஊரைத் தொட்டுக்கொண்டு போய்ச் செய்யாற்றில் கலக்கின்றன. செய்யாறு போய்ப் பாலாற்றில் சேர்கிறது. ஜமதக்கினி முனிவரின் கமண்டலத்து நீர் ஆறாகப் பெருகியது என்பது ஊர்க் கதை. ரேணுகையும் பரசுராமரும் வரும் அந்தக் கதை இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கோயில்களாக நிற்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆரணியின் தண்ணீர் கிழக்கே காஞ்சிபுரத்துப் பாலாற்றை நோக்கித்தான் போகிறது. ஆரணியின் சரக்கும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆறு என்று சொன்னாலும் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை கட்டிய பிறகும் வேளாண்மைக்கு நம்பிக்கை ஏரியும் கிணறும். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால் நெல், இல்லாவிட்டால் வேர்க்கடலை. அப்படியிருந்தும் ஆரணிக்குப் பட்டைப்போலவே பெயர் வாங்கித் தந்தது அரிசி. ஆரணியிலும் களம்பூரிலும் இருக்கும் அரிசி ஆலைகள் சுற்றுவட்டார நெல்லை வாங்கி அவித்து அரைத்துச் சென்னை வரை அனுப்புகின்றன. களம்பூர்ப் பொன்னி என்று மூட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், ஊர்ப் பெயரோடு. ஒரே வட்டாரத்தில் விளையும் அரிசிக்கு ஊர்ப் பெயர் இலாபம் தருகிறது. அதே வட்டாரத்துப் பட்டுக்கு ஊர்ப் பெயர் சுமையாகிவிடுகிறது. இந்த முரண் என்னை வெகுநாளாக உறுத்துகிறது.

நிலத்துக்கும் தறிக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஒருபோக நிலத்தை மட்டும் நம்பி வாழ முடியாத வட்டாரத்தில் அன்றாடம் கை வைக்க ஒரு வேலையைத் தறிதான் தந்தது. அந்தத் தறியையும் மழை விடுவதில்லை. நெசவுக்கு முன் பாவை, அதாவது தறியில் ஏறும் நீளவாக்கு இழைகளை, தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. தாழ்ந்த வீடுகளில் தறிக்குழியில் ஈரம் ஊறும். தீபாவளிக்கும் தை மாதக் கலியாணங்களுக்கும் சரக்கு கேட்கும் அதே பருவத்தில் நெய்கிறவர் கை கட்டப்படுகிறது.

இரண்டு தலைநகர்கள்

இந்தப் பள்ளத்தாக்கின் முதல் தலைநகர் ஆரணி இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் படைவீடு, சம்புவராயர்களின் தலைநகர். சோழர் ஆட்சியின் கீழ் தலைவர்களாக இருந்த சம்புவராயர்கள் சோழர் வீழ்ச்சிக்குப் பின் 14-ஆம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதியைத் தனியரசாக ஆண்டார்கள். விசயநகர இளவரசன் குமார கம்பணன் தெற்கே படையெடுத்து வந்தபோது முதலில் மோதியது அவர்களோடுதான். அவன் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் எழுதிய மதுரா விஜயம் இந்தப் போரைப் பாடுகிறது. 1989-இல் வடஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்தபோது அதற்குச் சம்புவராயர் பெயரைச் சூட்டினார்கள். இன்று படைவீட்டுக்குக் கூட்டம் சேர்ப்பது அரச நினைவு இல்லை, ரேணுகாம்பாள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது.

ஆரணி தலைமையிடமானது மராட்டியர் காலத்தில். 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானகத்தின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது, சிவாஜியின் தந்தை ஷாஜியிடம் பணிசெய்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டிய பிராமணருக்கு ஆரணியும் சுற்றுக் கிராமங்களும் ஜாகீராகக் கிடைத்தன. பீஜப்பூர் போய், சிவாஜி வந்து, ஆற்காட்டு நவாப் வந்து, கும்பினி வந்தும் அந்தக் குடும்பம் இடத்தை விடவில்லை. மேலே யார் ஆண்டாலும் கப்பம் கட்டிக்கொண்டு கீழே தன் ஆட்சியை நடத்தத் தெரிந்திருந்தது. சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்தான் அந்தத் தொடர்ச்சியை அறுத்தது.

கோட்டை சதுரமானது, சுற்றிலும் அகழி வெட்டியது. சென்னைக்கும் மைசூருக்கும் இடையே படைகள் போய்வரும் பாதைகளுக்கு அருகில் இருந்ததால் 18-ஆம் நூற்றாண்டின் சண்டைகள் ஆரணியைத் தப்பவிடவில்லை. ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப் படையின் துணையோடு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் 1751 டிசம்பர் 3 அன்று ஆரணி அருகே முறியடித்தார். முப்பது ஆண்டு கழித்து இதே கோட்டை ஐதர் அலியின் தளவாடக் கிடங்காக இருந்தது. அதைக் குறிவைத்து வந்த ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படையோடு 1782 ஜூன் 2 அன்று ஐதர் இங்கே மோதினார். கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போகவில்லை. ஐதர் அலி அந்த ஆண்டு டிசம்பரில் சித்தூர் அருகே இறந்தார். பள்ளிப் பாடத்தில் ஆற்காடு வருகிறது, ஸ்ரீரங்கப்பட்டணம் வருகிறது. ஆரணி வருவதில்லை.

ஜாகீர்தார்கள் கோட்டைக்குள் அடைந்து கிடக்கவில்லை. ஊருக்கு வெளியே சத்தியவிஜயநகரம் என்று ஒரு குடியிருப்பை வளர்த்தார்கள். இன்று எஸ்.வி. நகரம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். உத்தராதி மடத்தின் பீடாதிபதி சத்தியவிஜய தீர்த்தரின் பெயரால் அமைந்த ஊர் அது. 18-ஆம் நூற்றாண்டில் பிருந்தாவனம் அடைந்த அவருடைய சமாதி அங்கே இருப்பதால் கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் மாத்வ பக்தர்கள் இன்றும் வருகிறார்கள். அந்த ஊரில் ஜாகீரின் அரண்மனையும் இருக்கிறது. பூசிமலைக்குப்பத்தில் காட்டோரமாக இன்னொரு மாளிகை. கண்ணாடி மாளிகை என்பார்கள். ஐரோப்பிய வளைவும் முகலாயக் கூம்பும் கலந்த 19-ஆம் நூற்றாண்டுப் பாணிக் கட்டடம். வெள்ளைக்காரப் பெண்ணை மணந்த ஜாகீர்தார் அவளுக்காகக் கட்டினார் என்று சுற்றுவட்டாரத்தில் கதை வழங்குகிறது. இரண்டும் பாழடைந்து நிற்கின்றன. சுவரில் வேர் இறங்கிவிட்டது.

மஸ்லினிலிருந்து பட்டுக்கு

ஆரணி முதலில் பேர் வாங்கியது பட்டில் இல்லை, பருத்தியில். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிவகைகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் ஆரணி மஸ்லினை மெல்லிய துணிகளின் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். அன்று அந்தத் துணி தன் ஊர்ப் பெயரோடுதான் வெளியே போயிற்று. லங்காஷயர் ஆலை நூலும் ஆலைத் துணியும் வந்து கையால் நூற்ற மெல்லிழையின் சந்தையைத் தின்ற பிறகு, மெல்லிய இழையைக் கையாளத் தெரிந்த விரல்களுக்குப் பட்டு வேலை கொடுத்தது. காஞ்சிபுரத்திலும் ஏறக்குறைய இதே மாற்றம்தான். பருத்தி நெய்த தறிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கு மாறின. ஆனால் அங்கே ஏகாம்பரநாதரும் காமாட்சியும் வரதராசரும் இருந்தார்கள், ஆண்டு முழுக்க யாத்திரிகர் வந்தார்கள், சென்னை பக்கத்தில் இருந்தது, இரயில் இருந்தது. கோயிலுக்கு வந்தவர் சேலை வாங்கிப் போனார். ஆரணிக்கு அந்தக் கூட்டம் இல்லை. ஆரணி ரோடு என்று பெயர் தாங்கிய இரயில் நிலையம் ஊரில் இல்லை, தள்ளிக் களம்பூரில் இருக்கிறது. காட்பாடியையும் விழுப்புரத்தையும் இணைக்கும் அந்தத் தடம் சென்னைக்கும் நேராகப் போவதில்லை. ஆரணி வழியாகப் போக வேண்டிய திண்டிவனம்–நகரி இரயில் பாதைக்கு 2006-07 பட்ஜெட்டில் இடம் கிடைத்தது. அதற்குப் பின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், பாதை முடியவில்லை.

நெய்கிறவர்களில் செங்குந்தர்கள் உண்டு, வீட்டில் சௌராட்டிர மொழி பேசும் பட்டுநூல்காரர்கள் உண்டு, பிற சாதியினரும் தறிக்கு வந்து பல காலமாயிற்று. கொசப்பாளையம், சைதாப்பேட்டை, ஆரணிப்பாளையம், புதுக்காமூர் என்று ஊருக்குள்ளும், முள்ளிப்பட்டு, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று வெளியேயும் தறிச்சத்தம் பரவியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஆரணி நகராட்சியின் மக்கள்தொகை 63,671. ஆனால் ஆரணிப் பட்டு என்பது இந்த நகராட்சி எல்லைக்குள் அடங்காத ஒரு வட்டாரத்தின் உழைப்பு.

அந்த உழைப்பைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கர்நாடகத்திலிருந்தோ சீனத்திலிருந்தோ வந்த கச்சாப் பட்டு முறுக்கேற்றப்பட்டு, பசை நீக்கப்பட்டு, கொதிநீர்ச் சாயத்தில் முக்கி நிழலில் உலர்த்தப்பட்டு வருகிறது. பாவு ஓட்டுகிறவர் அதை நீளமாக ஓட்டிக் கொடுப்பார். ஒரு பாவில் பொதுவாக மூன்று நான்கு சேலை. விடியுமுன் தெருவில் அதை நீட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். பிறகு பாவு வீட்டுக்குள் வருகிறது. தறியில் ஏற்கனவே இருக்கும் பழைய பாவின் முனை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழை ஒவ்வொன்றையும் பிணைக்க வேண்டும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு விரலால் முறுக்குவது. முடிச்சு கிடையாது, முறுக்கு மட்டும்தான். ஆயிரக்கணக்கான இழைகள். பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை இது. ஒரு இழை இடம் மாறினால் சேலை முழுக்க அந்தக் கோடு தெரியும்.

தறியில் உட்கார்ந்தவர் கால் குழிக்குள் மிதியில் இருக்கும், கை நாடாவில் இருக்கும், தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி துளை போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்து இழையைத் தூக்கிக் கொடுக்கும். பக்கத்தில் வீட்டுப் பெண்ணோ முதியவரோ நாடாவுக்கு வேண்டிய ஊடை நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தார் தீர்ந்தால் தறி நிற்கும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மறுபக்கக் கரையின் நாடாவை வீச இன்னொரு ஆள் வேண்டும். உடல் நூலும் கரை நூலும் சந்திக்கிற இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். துணி கிழிந்தாலும் அந்த இடம் விடாது என்று நெய்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். காஞ்சிபுரம் பேர் வாங்கியது இந்தக் கோர்வைக்கும் கனத்துக்கும். ஆரணி பேர் வாங்கியது எடை குறைந்த, கட்டிக்கொண்டு வேலை செய்ய வசதியான, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் சேலைக்கு. கோர்வை தெரிந்த கைகளும் இங்கே உண்டு. ஆனால் எளிய சேலை சில நாளில் இறங்கிவிடும், கோர்வைச் சேலை இரண்டு வாரம்கூட இழுக்கும். கூலியை நம்பி வாழும் வீடு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆரணிச் சேலை மெலிந்தது என்று குறை சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மெலிந்த சேலைதான் கலியாணத்துக்கு மட்டும் என்றிருந்த பட்டை வெள்ளிக்கிழமைக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுவந்தது. அதைக் குறைந்த தரம் என்று பார்ப்பது தவறு, அது வேறொரு தேவைக்கான நேர்த்தி.

யாருக்கு எவ்வளவு

தறி நெசவாளருடையது, தறி நிற்கும் வீடு நெசவாளருடையது, மின்விளக்கு அவருடையது. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது. பாவையும் ஊடையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதையும் எடை போடுவார்கள், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். கூலி சேலைக்கு இவ்வளவு என்பதுதான். அந்தக் கூலிக்குள்தான் தார் சுற்றிய மனைவியின் உழைப்பு இருக்கிறது, பாவு பிணைத்த பெண்களின் காசு இருக்கிறது, மழையில் நின்றுபோன நாட்கள் இருக்கின்றன. 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவுத் தொழிலாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிக்கின்றன என்று தெரியவந்தது. பட்டு நெய்கிறவர் நிலை சற்று மேல் என்று சொல்லலாம். ஆனால் ஒரு சேலையின் கடை விலையையும் அதற்குக் கொடுத்த கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் அதை நியாயம் என்று சொல்ல மாட்டார்.

இந்த ஏற்பாட்டை நிற்க வைக்கும் ஆணி முன்பணம். கலியாணம், மருத்துவம், வீட்டுக் கூரை என்று வாங்கிய முன்பணம் கூலியில் மெல்லக் கழிந்து தீராது. முதலாளியை விட்டு வேறிடம் போகும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் போக முடியாது, அல்லது புதிய முதலாளி கட்டி அவரை எடுத்துக்கொள்வார், கடன் முகவரி மாறும். 1980-களிலும் 90-களிலும் இந்தக் கடனுக்கு ஈடாகத் தறியில் உட்கார்ந்தது குழந்தைகள். கோர்வையின் மறுபக்கத்து நாடாவை வீச மெலிந்த சின்னக் கை போதும் என்று எட்டு வயதுப் பிள்ளையைக் குழியில் இறக்கிய காலம் அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் வந்துவிட்டன, ஆனால் காஞ்சிபுரம், ஆரணி வட்டாரங்களில் அவை தறிக்குள் நுழைய இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. சோதனைகளும் தனிப்பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களின் வற்புறுத்தலும் சேர்ந்து அந்தக் கொடுமையைப் பெருமளவு ஒழித்தன. இந்த வட்டாரத்தின் உண்மையான வெற்றி என்று நான் முதலில் சொல்வது அதைத்தான், எந்தச் சேலையையும் அல்ல.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். படித்தவர்கள் தறிக்குத் திரும்பவில்லை. செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் வந்த பிறகு, காலையில் கம்பெனிப் பேருந்துகள் கிராமம் கிராமமாக வந்து இளம்பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. மாதச் சம்பளம், வைப்பு நிதி, விடுமுறை நாள் என்று தறி ஒருநாளும் தராத மூன்றை அந்த வேலை தருகிறது. பிணைக்கவும் தார் சுற்றவும் வீட்டில் கை இல்லை. கைத்தறியின் நெருக்கடியை விசைத்தறியின் போட்டியாக மட்டும் பேசுவது பழக்கமாகிவிட்டது. விசைத்தறி உண்மையான எதிரிதான், பட்டுச் சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி ஓடும் தறிகள் எங்கும் உண்டு. ஆனால் வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பின் மேல் நின்ற தொழில், அந்தப் பெண்களுக்கு வேறு கதவு திறந்ததும் ஆடத்தான் செய்யும். அவர்களைத் தறிக்குத் திரும்பு என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. பிணைப்புக்கும் தாருக்கும் தனிக்கூலி நிர்ணயிக்க வேண்டும், அதுதான் முதல் வேலை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கூட்டுறவுச் சங்கங்கள் பட்டு, ஜரிகை கொடுத்துக் கூலியும் சேமிப்பும் தருகின்றன. கோ-ஆப்டெக்ஸ் 1935-லிருந்து விற்றுத் தருகிறது. கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 அலகாயிற்று. ஆனால் கச்சாப் பொருள் விலை நெசவாளர் கையிலும் இல்லை, சங்கத்தின் கையிலும் இல்லை. 2021 மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது. பட்டுப்பூச்சி வளர்ப்பவருக்கு அது பாதுகாப்பு, நெய்கிறவருக்கு அது பாவு தாமதம். வெள்ளியும் தங்கமும் ஏறினால் ஜரிகை ஏறும். ஜரிகை ஏறினால் முதலாளி பாவைக் குறைத்துக் கொடுப்பார், தறி ஓய்ந்திருக்கும். விலை ஏறிய சேலையில் கூலி ஏறியதில்லை.

பெயரின் விலை

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-இல் கிடைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆரணிப் பட்டுக்கும் தனியாகக் கிடைத்தது. சட்டப்படி இவை இரண்டு வேறு பொருள்கள். ஆரணியில் நெய்ததைக் காஞ்சிபுரம் என்று விற்பது காஞ்சிபுரத்து நெசவாளருக்கும் துரோகம், ஆரணி நெசவாளருக்கும் துரோகம். ஆனால் குறியீடு தானாக வேலை செய்யாது. நெய்கிறவரும் விற்கிறவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய வேண்டும், சேலையில் சீட்டு தொங்க வேண்டும், போலிமேல் யாராவது வழக்குப் போட வேண்டும். கூலிக்கு நெய்கிறவர் கையில் விற்கச் சேலையே இல்லாதபோது அவர் எதைப் பதிவு செய்வார்? பதிவின் பயன் முதலாளிக்கும் கடைக்கும் போகும், அவர்களுக்கோ காஞ்சிபுரம் என்ற பெயரே இலாபம். ஆரணியின் குறியீடு தூங்குவதற்குக் காரணம் இதுதான் என்பது என் முடிவு.

வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க இன்று இரண்டு முத்திரைகள் உண்டு. இழை உண்மையான பட்டு என்பதற்கு 2004-இல் வந்த சில்க் மார்க், கையால் நெய்தது என்பதற்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரை. எந்த ஊரில் நெய்தது என்பதை இரண்டும் சொல்லாது. அந்த மூன்றாவது கேள்வியை வாங்குகிறவர் கேட்கத் தொடங்காதவரை கடைக்காரர் பதில் சொல்லப் போவதில்லை.

கேட்க வைக்க ஒரே வழி, வாங்குகிறவர் ஊருக்கு வருவது. இங்கேதான் பாழடைந்த அரண்மனைகளின் பேச்சு மறுபடி வருகிறது. ஆரணியைச் சுற்றிப் பார்க்க இருப்பவை சிலவல்ல. சத்தியவிஜயநகரத்துப் பிருந்தாவனம், பூசிமலைக்குப்பத்து மாளிகை, படைவீட்டுக் கோயில்கள், தசரதன் பிள்ளைவரம் கேட்டதாகக் கதை சொல்லும் புதுக்காமூர்ப் புத்திரகாமேட்டீசுவரர் கோயில், தேவிகாபுரத்துப் பெரியநாயகி கோயில். பூண்டியில் பழமையான அருகர் கோயில். போளூர்ப் பக்கம் திருமலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதரும் குந்தவை பெயர் தாங்கிய சினாலயமும். சுற்றுக் கிராமங்களில் இன்றும் தமிழ்ச் சமணர்கள் உழுதுகொண்டும் வழிபட்டுக்கொண்டும் வாழ்கிறார்கள். சமணத்தைச் சிலப்பதிகாரத்தில் மட்டும் அறிந்த வாசகருக்கு இது ஒரு திறப்பாக இருக்கும். பங்குனி, சித்திரையில் பாரதக்கூத்து நடக்கும். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை, தெருக்கூத்துக்கு உலக மேடை வரை பேர் வாங்கித் தந்த ஊர். பாஞ்சாலியின் துகில் இரவுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து சனம் திரண்டு வரும். துணியைப் பற்றிய அந்தக் கதையை நெசவாளர் ஊர்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கின்றன. எழுத்திலும் ஊருக்குப் பங்கு உண்டு. தமிழில் துப்பறியும் நாவலை மக்கள் மத்தியில் பரப்பிய, ஆனந்தபோதினி இதழின் ஆசிரியர் குப்புசாமி முதலியார், கடைசிவரை ஆரணி என்ற பெயரை முன்னால் வைத்துக்கொண்டே எழுதினார்.

இத்தனை இருந்தும் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வருகிற இலட்சக்கணக்கானோரில் ஆரணிப் பக்கம் திரும்புகிறவர் மிகச் சிலர். வேலூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர், திருவண்ணாமலையிலிருந்து அறுபது, சென்னையிலிருந்து மூன்று மணி நேரம். தூரம் தடையில்லை. வந்து இறங்கினால் எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை, நெய்வதைப் பார்க்க ஓர் இடமில்லை, பார்த்த கையோடு நெய்தவரிடமே வாங்க ஏற்பாடில்லை. எஸ்.வி. நகரத்து அரண்மனையை எடுத்துச் செப்பனிட்டு, அங்கே குழித்தறிகளை ஓடவிட்டு, பழைய மஸ்லினிலிருந்து இன்றைய பட்டுவரை வைத்து ஒரு நெசவுக் காட்சியகம் திறக்கலாம். செலவு ஒரு மேம்பாலத்துக்கு ஆகிறதைவிடக் குறைவாகத்தான் ஆகும். கோட்டையும் அகழியும் காக்கப்பட வேண்டும். ஆரணியைத் தலைமையிடமாக வைத்துத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது. 2009 முதல் நாடாளுமன்றத் தொகுதியும் இந்த ஊர்ப் பெயரில் இருக்கிறது. மாவட்டம் வந்தால் அலுவலகங்கள் வரும், சாலை வரும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆட்சியர் அலுவலகம் எந்தச் சேலையிலும் ஊர்ப் பெயரை எழுதித் தராது.

அதை எழுதித் தரக்கூடியவர்கள் இன்றே இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட சீட்டைச் சேலைகளில் இணைத்து விற்றது. வாங்கியவர்கள் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். அதே முறையை ஆரணிக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொரு சேலைக்கும் கட்டாயமாக்கலாம். ஊர், தெரு, நெய்தவர், பாவு பிணைத்தவர், தார் சுற்றியவர், கொடுத்த கூலி என்று எல்லாவற்றையும் அந்தச் சீட்டில் போடலாம். பெரிய கடைகள் முதலில் மறுக்கும். தமிழ்நாடு அரசு தன் விழாக்களுக்கும் பரிசுகளுக்கும் வாங்கும் பட்டை அப்படிச் சீட்டு உள்ள சேலையாக மட்டும் வாங்கத் தொடங்கினால், மறுப்பு எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்கலாம்.